குழாய் உடைந்ததற்கு ராஜி உண்டு, திட்டியதற்கு இல்லை

பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கத்திலிருந்து சொத்துச் சேத வழக்கோடு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் எதிரி பங்காளிதான், இல்லையென்றால் பக்கத்து நிலத்துக்காரர். சொட்டுநீர்க் குழாயை அறுத்துவிட்டார், வேலிக் கல்லைப் பிடுங்கிவிட்டார், வரப்பு ஓரத்து மாங்கிளையை வெட்டிவிட்டார். பொருளின் மதிப்பு சில ஆயிரம்தான். வாய்தாவோ வருடக்கணக்கில் ஓடும்.

சேதம் நடந்தாலே குற்றம் ஆகிவிடாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆவது பிரிவுக்கு, நஷ்டம் உண்டாக்கும் எண்ணமாவது, நஷ்டம் வரும் என்று தெரிந்தே செய்ததாவது இருக்க வேண்டும். டிராக்டரைப் பின்னால் எடுக்கும்போது வேலிக் கல் சாய்ந்தால் அது கவனக்குறைவு. நஷ்ட ஈடு கேட்கலாம், அவ்வளவுதான். 'என் இடத்தில் நட்டிருக்கிறான்' என்று கடப்பாரையால் பெயர்த்தால் கதை வேறு. அப்போதும் எல்லையில் உண்மையான தகராறு இருந்தால் அது நல்ல எதிர்வாதம். பட்டாவும் சர்வேயர் அளந்து கொடுத்த வரைபடமும் கையில் இருக்கட்டும்.

அடுத்தது தொகை. சேதம் 20,000 ரூபாய்க்குக் கீழ் என்றால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 20,000 முதல் ஒரு லட்சத்துக்குள் என்றால் சிறை 2 ஆண்டு வரை போகலாம். லட்சத்தைத் தொட்டால் 5 ஆண்டு வரை. முதல் இரண்டு வகையிலும் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரணை நடத்த முடியாது. புகார் கொடுத்தவர், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு மட்டும் திரும்பி வருவது இதனால்தான். விவசாயத்துக்குப் போகும் தண்ணீர் குறையும்படி சேதம் செய்தால் மட்டும் 326-ஆவது பிரிவு வரும். அதில் தொகை பேச்சே இல்லை, 5 ஆண்டு வரை தண்டனை.

ஆனால் குழாயை மட்டும் சொல்லி யார் புகார் எழுதுகிறார்கள்? 'கெட்ட வார்த்தையில் திட்டினார், கொன்றுவிடுவேன் என்றார்' என்று இரண்டு வரி சேரும். எழுதிக் கொடுப்பவரே சேர்த்துவிடுவதும் உண்டு. உடனே ஆபாசமாகத் திட்டியதற்கு 296, மிரட்டியதற்கு 351 என்று பிரிவுகள் ஒட்டிக்கொள்ளும். சில நேரம் 1992-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சொத்துச் சேதத் தடுப்புச் சட்டமும் வரும். திருத்தத்துக்குப் பிறகு அது தனியார் சொத்துக்கும் பொருந்தும். 100 ரூபாய் சேதம் போதும், தண்டனை குறைந்தது ஓராண்டு.

சிக்கல் இங்கேதான். தனிநபருக்கு மட்டும் நேர்ந்த சேதம் என்றால், 20,000-க்குக் கீழும் சரி, லட்சத்துக்குள்ளும் சரி, பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் மாஜிஸ்திரேட் முன்பே ராஜியாகலாம். ராஜி பதிவானால் அது விடுதலைக்குச் சமம். ஆபாசமாகத் திட்டியதற்கான 296-க்கும், அந்த 1992 சட்டத்துக்கும் இந்த வழி கிடையாது. இரு தரப்பும் கைகுலுக்கிய பிறகும் வழக்கை ரத்து செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டும். செலவு அந்தக் குழாயைப் போலப் பல மடங்கு.

ஆகவே புகார் கொடுப்பவர் நடந்ததை மட்டும் எழுதுங்கள். சரிசெய்வதற்கு முன் போட்டோ எடுங்கள், பில்லை வையுங்கள். ஐந்து வருடப் பழைய குழாய்க்குப் புதுக் குழாயின் விலையைப் போடாதீர்கள். குறுக்கு விசாரணையில் முதலில் உடைவது அந்த விலைதான்.

புகாருக்கு ஆளானவர், ஸ்டேஷனிலிருந்து நோட்டீஸ் வந்தால் போய் நில்லுங்கள். ஒளிந்தால் கைதுக்கு நீங்களே காரணம் கொடுத்த மாதிரி. வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் வேண்டாம். பதிலுக்கு ஒரு பொய்ப் புகார் கொடுக்கச் சொல்லும் சொந்தக்காரர் கட்டாயம் ஒருவர் இருப்பார், அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேசி முடித்தால் தொகை, கொடுத்த தேதி, எல்லைக் கல் இனி எங்கே நிற்கும் என்பதை எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கோர்ட்டில் நம்பர் ஆகிவிட்ட வழக்கு என்றால் அந்தத் தாள் மட்டும் போதாது, மாஜிஸ்திரேட் முன் மனு போட வேண்டும். மக்கள் நீதிமன்றத்திலும் முடிக்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100-க்கும் போன் செய்யலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவசமாக வக்கீல் கிடைப்பார்.