கீபோர்டிங்: தட்டச்சா, தட்டெழுத்தா?

மொரிசியஸில் தமிழை விருப்பப் பாடமாக எடுத்த தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில், பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழி பேசுகிறவர்கள். கணினியில் அவர்கள் விரல் வைக்கும் பொருளுக்குக் கிரியோலில் ‘கிளாவியே’, ஆங்கிலத்தில் ‘கீபோர்டு’, தமிழில் ‘விசைப்பலகை’ என்று பெயர். அதைக் குனிந்து பார்க்காமல் பத்து விரலாலும் எழுதப் பழகுவதை ஆங்கிலப் பள்ளிகள் ‘கீபோர்டிங்’ என்கின்றன. தட்டச்சுப்பொறி போய்க் கணினி வந்தபின், ‘டைப்பிங்’ இருந்த இடத்தில் உட்கார்ந்த சொல் இது.

முதலில் ‘கிளாவியே’. இதன் வேர் ‘கிளாவிஸ்’ என்னும் இலத்தீன் சொல், பொருள் திறவுகோல். ஆர்கன் வாத்தியத்தின் கட்டைகளுக்கு ஆகி, அங்கிருந்து எழுத்துப் பொறிக்கு வந்தது. அதே ‘கிளாவிஸ்’ போர்த்துக்கீசியத்தில் ‘ஷாவே’ ஆனது. போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழில் ‘சாவி’ ஆனது. கிரியோலில் சாவியைக் குறிக்கும் ‘லக்லே’யும் இதே குடும்பம்தான். ஆக, நம் பிள்ளைகள் சொல்லும் கிளாவியே, லக்லே, சாவி மூன்றும் ஒருதாய் மக்கள். ஆங்கிலக் ‘கீ’ மட்டும் வேறு வேர்.

தமிழில் ‘சாவிப்பலகை’ என்று சொல்லாமல் விட்டது நல்லதே. பூட்டுக்கும் இதற்கும் என்ன உறவு? ‘விசை’ என்றால் வேகம், உந்துதல், அழுத்தினால் தெறிக்கும் பொறி. விசைத்தறி, விசைப்படகு என்று ஏற்கெனவே புழங்கும் சொல். விரல் அழுத்த, எழுத்து எழுகிறது. பொருள் சரியாகப் பொருந்துகிறது. ஆர்மோனியக்காரர்கள் வழங்கும் ‘கட்டை’யும் அழகான சொல்தான். ஆனால் ‘நாலரைக் கட்டை’ என்று அது சுருதிக்குப் போய்விட்டது, அங்கேயே இருக்கட்டும்.

இனி, திறனின் பெயர். ‘தட்டச்சு’ என்பது தட்டு, அச்சு இரண்டும் சேர்ந்தது. எஃகு அச்சு மை நாடாவில் மோதித் தாளில் பதிந்த காலத்துக்கு அது மிகப் பொருத்தம். திரையில் எழுதும் எட்டு வயதுப் பிள்ளைக்கு ‘அச்சு’ எங்கே இருக்கிறது? இலங்கையில் வழங்கிய ‘தட்டெழுத்து’ இங்கே நன்றாகப் பொருந்தும். வினையாகவும் இயல்பாக நடக்கும்: தட்டெழுதினாள், தட்டெழுதுகிறான். ‘தட்டச்சு’க்கோ ஒவ்வொரு முறையும் ‘செய்’ என்று முட்டுக்கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் ‘தட்டச்சு’ வேரூன்றிவிட்டது. அதை அங்கே அசைக்க வேண்டியதில்லை. புதிதாகப் பாடம் தொடங்கும் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

எழுத்து என்ற சொல் பெயரிலேயே நிற்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரோமன் எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழாக்கும் முறை மொரிசியஸ் பிள்ளையைக் குழப்பும். ‘முத்து’ என்ற பெயரில் வரும் உகரத்துக்கு நம் பிறப்புச் சான்றிதழ்களில் ஆங்கில ‘ஓ’ இரண்டு, பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரியூனியனில் உள்ள உறவினர் அதையே ‘ஓ’வும் ‘யு’வுமாக எழுதுவார்கள், மென்பொருளோ ஒற்றை ‘யு’வை எதிர்பார்க்கிறது. பிள்ளை எதை நம்பும்?

தமிழ்99 விசைப்பலகையில் இந்தத் தொல்லை இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி உருவாகி, அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. உயிர் 12 இடக்கைக்கு, மெய் வரிசை 18 பெரும்பாலும் வலக்கைக்கு, ஆய்தம் ஒன்று. இந்த 31 விசைகளுக்குள் 247 எழுத்தும் அடங்கிவிடும். ‘அம்மா’ எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். இடச் சுட்டுவிரல் இருப்பிடத்தைக் காட்ட ‘எஃப்’ விசையில் சிறு மேடு உண்டல்லவா? தமிழ்99-இல் ஆய்தமும் புள்ளியும் அந்த விசையில்தான். உயிர்மெய் என்றால் என்ன என்று கரும்பலகையில் விளக்கிப் புரியாத பிள்ளைக்கு, க-வும் இ-யும் தட்டியதும் ‘கி’ வருவது உடனே புரியும்.

ஒரு எச்சரிக்கை. இங்கே ஆங்கில விசைப்பலகை. ரியூனியனில் பிரெஞ்சு விசைப்பலகை. நமக்கு ‘ஏ’ இருக்கும் இடத்தில் அவர்களுக்கு ‘க்யூ’. நம் அரைப்புள்ளி விசையில் அவர்களுக்கு ‘எம்’. தமிழ்99 இடத்தைப் பின்பற்றுவது, மேலே அச்சிட்ட எழுத்தை அல்ல. ஆகவே “ஏ-யைத் தட்டு” என்று சொல்லித்தராமல், “இடச் சுண்டுவிரல், நடுவரிசை” என்று சொல்லித்தர வேண்டும். அப்படிப் பழகிய பிள்ளை ரியூனியன் தலைநகர் செந்தெனியில் மாமா வீட்டுக் கணினியிலும் தடுமாறாது.

தொடுதிரையில் விசையே இல்லையே என்பார்கள். படமாக வரைந்திருந்தாலும் அதுவும் விசைப்பலகைதான். ஆனால் விரல் தடவி இடமறிய அதில் மேடு கிடையாது. எனவே தட்டெழுத்துப் பயிற்சியை அதில் தொடங்காமல், உண்மையான விசைப்பலகையில், ஒரு வகுப்பில் பத்து நிமிடம் என்ற அளவில் தொடங்குவதே முறை.