முன்னால் ஓட்டுபவர் ஏன் ஜெயிப்பதில்லை?

"டூர் டி பிரான்ஸில் ஒரு கட்டம்கூட ஜெயிக்காத மிக்கேல் மொர்கோவை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. டூர் டி பிரான்ஸ் பல நாட்கள் நடக்கும் சைக்கிள் பந்தயம்; அதில் ஒரு நாள் ஓட்டம்தான் ஒரு கட்டம். பதில் முழுக்க முழுக்கக் காற்றில் இருக்கிறது.

மொர்கோவ் டென்மார்க்காரர், 1985இல் பிறந்தவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் லாஸ் நார்மன் ஹான்சனுடன் சேர்ந்து மேடிசன் என்ற இருவர் சேர்ந்து ஓட்டும் தடகளச் சைக்கிள் பந்தயத்தில் தங்கம் வாங்கியவர். சாலைப் பந்தயங்களில் அவருடைய வேலை வேறாக இருந்தது. கடைசி சில நூறு மீட்டரில் தன் அணியின் ஸ்பிரிண்டரை, அதாவது கடைசிப் பாய்ச்சலில் ஜெயிக்க வேண்டியவரை, முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு முழு வேகத்தில் இழுத்துப் போவார். சரியான இடத்தில் விலகி வழிவிடுவார். இதற்கு லீட்-அவுட் என்று பெயர்.

எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அடிப்படை தெரியும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதைச் சமாளிக்கத் தேவையான திறன் வேகத்தின் கனத்தை, அதாவது மும்மடியைப் பொறுத்தது. 60 கிலோமீட்டரிலிருந்து 66க்குப் போக வேண்டுமென்றால் வேகம் 10 சதவீதம்தான் கூடுகிறது, மிதிக்க வேண்டிய திறனோ 33 சதவீதம் கூடிவிடுகிறது.

சரி, பின்னால் வருபவருக்கு எப்படி லாபம்? முன்னால் போகிறவர் காற்றைத் தடுக்கிறார் என்பதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். அழகான பகுதி அதற்கு அப்புறம்தான் வருகிறது. மீனின் உடம்பு வால் பக்கம் மெல்ல மெலிகிறது. அதனால் இரண்டு பக்கமும் பிரிந்த நீர் உடம்பை ஒட்டியே வந்து மறுபடி சேர்ந்துகொள்கிறது. குனிந்து மிதிக்கும் மனிதரின் முதுகும் இடுப்பும் அப்படி முடிவதில்லை, சட்டென்று முடிகின்றன. அந்த வளைவில் காற்றால் திரும்ப முடியாது. பிய்த்துக்கொண்டு போய்ச் சுழல்களாக உடைகிறது. ஓட்டுபவரின் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பள்ளம் உண்டாகிறது. முன்பக்கம் அழுத்தம் அதிகம், பின்பக்கம் குறைவு. ஆக, காற்று அவரை முன்னாலிருந்து தள்ளுவதோடு பின்னாலிருந்தும் பிடித்து இழுக்கிறது.

அந்தப் பள்ளத்துக்குள் ஸ்பிரிண்டர் நுழைந்துகொள்கிறார். அவர் மேல் மோதும் காற்று ஏற்கெனவே வேகம் குறைந்தது. அவர் உடம்பு பள்ளத்தைக் கொஞ்சம் நிரப்பிவிடுவதால் முன்னால் போகிறவரை இழுக்கும் விசையும் சிறிது குறைகிறது. பின்னால் வருபவர் முன்னவருக்கும் உதவுகிறார்! சில சதவீதம்தான், ஆனால் முதல்முறை இதைப் படித்தபோது நான் ஒரு நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெர்ட் பிளாக்கன் என்ற பேராசிரியரின் குழு 121 சைக்கிள்காரர்கள் கொண்ட கூட்டத்தைக் கணினியிலும், காற்றை வீசிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்து 2018இல் முடிவுகளை வெளியிட்டது. கூட்டத்தின் நடுவில் புதைந்திருப்பவர் மேல் விழும் தடை, தனியே ஓட்டுபவருக்கு இருப்பதில் 5 முதல் 10 சதவீதம்தான். சைக்கிளுக்குப் போய் இவ்வளவு செலவா என்று கேட்பவர்கள் உண்டு. கட்டடங்களைச் சுற்றிக் காற்று எப்படி ஓடுகிறது என்பதைக் கணக்கிடுவதும் இதே சமன்பாடுகள்தான். இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு இன்னும் தாராளமாகப் பணம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மொர்கோவ் எங்கே விலக வேண்டியிருந்தது? சுமார் 200 மீட்டர் மிச்சம் இருக்கும்போது. தசையில் உடனடியாக எரிக்கக் கிடைக்கும் பாஸ்பேட் இருப்பு ஏறக்குறைய 10 விநாடிக்குத்தான் தாங்கும். மணிக்கு 65 கிலோமீட்டரில் 200 மீட்டரைக் கடக்க 11 விநாடி ஆகும். சீக்கிரம் விலகினால் ஸ்பிரிண்டர் கோட்டுக்கு முன்பே தீர்ந்துபோவார். தாமதித்தால் மற்றவர்கள் இருபுறமும் அடைத்துவிடுவார்கள். தூரம், வேகம், எதிர்காற்று, பின்னால் இருப்பவரின் கால் எல்லாவற்றையும் இதயம் வெடிக்கிற நிலையில் கணக்குப் போட்டார்.

2021 டூரில் இந்தக் கணக்கோடு அவர் அணியின் ஸ்பிரிண்டர் மார்க் கேவண்டிஷ் நான்கு கட்டங்களை வென்றார். நான்காவது வெற்றி கார்காசோனில். பழைய பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸின் 34 கட்ட வெற்றிகள் என்ற சாதனையை அன்று சமன் செய்தார். அது 13ஆவது கட்டம். 13 என்ற எண் கிடைத்தால் ராசியில்லை என்று அதைச் சட்டையில் தலைகீழாகக் குத்திக்கொள்ளும் வழக்கம் சைக்கிள் பந்தயத்தில் உண்டு. காற்றுக்கு எண் தெரியாது. இந்தப் பயத்தை வீரர்கள் விட்டுவிட வேண்டும். அன்று கேவண்டிஷுக்கு அடுத்தபடியாக, இரண்டாவதாகக் கோட்டைத் தாண்டியவர் மொர்கோவ்.