பின்னட்டையில் எவ்வளவு சொல்வது?

புதிதாக எழுத வருகிறவர்களின் தொகுப்புகளையும் அறிமுக ஓவியர்களின் கண்காட்சிக் கையேடுகளையும் பதிப்பிப்பது என் வேலை. படைப்பு தேர்வானதும் எல்லோரிடமும் பின்னட்டையில் போட உங்களைப் பற்றி நாலு வரிக் குறிப்பு எழுதி அனுப்புங்கள் என்று கேட்பேன். கவிதையை மாதக்கணக்கில் திருத்துகிறவர்கள்கூட இந்த நாலு வரியை அவசரத்தில் எழுதித் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் வாசகர் பெரும்பாலும் முதலில் படிப்பது அதைத்தான். விமர்சகர்கள் அப்படியே எடுத்துப் போடுவார்கள், அப்புறம் அது இணையத்தில் வருடக்கணக்கில் கிடக்கும்.

ஒருமுறை ஒட்டிக்கொண்ட அடையாளம் லேசில் போகாது. ஓவியர் ஆன்றி ரூசோ, பாரிஸ் நகருக்குள் வரும் சரக்குகளுக்கு வரி வசூலிக்கும் ஊழியராக இருந்து, 1893-இல் 49 வயதில் வேலையை விட்டவர். சுங்க அதிகாரியாக அவர் இருந்ததே இல்லை. ஆனாலும் அப்படி அழைத்த பட்டப்பெயர் இன்றுவரை அவர் பெயரோடு சேர்ந்தே வருகிறது.

பிழைப்புக்குச் செய்யும் வேலையைப் பலர் மறைக்கிறார்கள். கணக்கு எழுதுகிறேன், இரவுப் பணிக்குப் போகிறேன் என்று சொன்னால் படைப்பாளியாக மதிக்க மாட்டார்களோ என்ற தயக்கம். எழுத்தாளர் காஃப்கா 1908 முதல் 1922 வரை தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தபடியே எழுதியவர். இதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

வயதும் அப்படித்தான். 'வளரும் படைப்பாளி' என்றாலே இளைஞர் என்று விழா நடத்துகிறவர்களே நினைத்துக்கொள்கிறார்கள். பிரிட்டனின் டர்னர் பரிசு 50 வயதுக்கு உட்பட்ட கலைஞர்களுக்கு மட்டும் என்ற விதி 1991 முதல் இருந்தது. 2017-இல் அதை நீக்கினார்கள். அந்த வருடமே பரிசு பெற்ற லுபைனா ஹிமிடுக்கு வயது 63. கார்மென் ஹெரேராவின் ஓவியம் முதன்முதலாக விலைபோனபோது அவருக்கு 89.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. "நீங்கள் பட்ட கஷ்டத்தையும் கொஞ்சம் சேர்த்து எழுதுங்களேன்" என்று புதியவர்களிடம் பதிப்பாளர்களும் ஏற்பாட்டாளர்களும் கேட்கிறார்கள். முதல் வாய்ப்பு கைக்கு வந்திருக்கும் நேரத்தில் மறுக்க யாருக்கு மனம் வரும்? அப்பாவின் குடி, அக்காவின் மணமுறிவு, தன் மனநோய்ச் சிகிச்சை என்று எல்லாம் அச்சாகிவிடும். அதன்பிறகு எந்த நேர்காணலிலும் எழுத்தைப் பற்றிக் கேட்க மாட்டார்கள், அந்தக் காயத்தையே கிளறுவார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும் இடத்திலும் அது கண்ணில் படும். அக்காவின் வாழ்க்கையைச் சொல்ல அக்கா சம்மதித்தாரா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பின்னணியைச் சொல்லவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. காலங்காலமாக அச்சில் இடம் கிடைக்காத சமூகத்திலிருந்து வருகிறவர், அதை முதல் வரியாகப் போடச் சொன்னால் அப்படியே போடுவேன். அது அவர் எடுத்த முடிவு. இன்னொருவர் அதை விற்பனைக்காகப் பிடுங்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆகவே குறிப்பை நீங்களே எழுதுங்கள், இன்னொருவர் எழுதித்தர விடாதீர்கள். அதில் வேறொருவர் வருகிறார் என்றால் அவரிடம் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். வீட்டு முகவரி, பிறந்த தேதி, குழந்தைகளின் பெயர் எதுவும் தேவையில்லை. அச்சுக்குப் போகும் முன் திருத்திய குறிப்பைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் சொல்லும்போது இணையப் பக்கத்திலும் அடுத்த பதிப்பிலும் மாற்றித் தர வேண்டும் என்று மின்னஞ்சலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

இப்படியெல்லாம் கேட்டால் தொகுப்பிலிருந்தே தூக்கிவிடுவார்களோ என்று பலர் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரையில், கதை பிடித்துப்போன எந்தப் பதிப்பாசிரியரும் குறிப்பில் ஒரு வரி குறைந்ததற்காக அதைத் திருப்பி அனுப்பியதில்லை.