திட்டத்தின் தளம் வேறொருவர் கணினியிலும் எழுகிறதா?

கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றுக்குள் புதிதாக வருபவர் முதலில் தொடுவது பெரும்பாலும் அதன் மூல நிரலை அல்ல, அதன் இணையதளத்தைத்தான். நிறுவும் வழிமுறையில் ஓர் எழுத்துப்பிழையோ, எங்கும் செல்லாத ஓர் இணைப்போ, எப்போதோ காலாவதியான பதிப்பெண்ணைச் சொல்லும் ஒரு பத்தியோ கண்ணில் படுகிறது; இதையாவது திருத்திக் கொடுக்கலாமே என்று அவர் திட்டத்தின் கோப்புகள் இருக்கும் களஞ்சியத்தை நகலெடுத்து, தளத்தைத் தன் கணினியில் ஓடவிட முயல்கிறார். கட்டளைகள் இடும் முனையம் முழுக்கப் பிழைச் செய்திகள் வந்து விழுகின்றன. சிறிது நேரம் போராடிவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் விலகிவிடுகிறார். இப்படி ஒருவர் வந்துபோனதே பராமரிப்பாளருக்குத் தெரியாது, ஏனெனில் தோற்றுப்போன முயற்சி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. திட்டங்களின் ஆவணத் தளங்களைப் பராமரிப்பதையே தொழிலாகக் கொண்ட நான், ஒரு தளத்தின் நிலையை அறிய அதன் தோற்றத்தைப் பார்ப்பதில்லை. அது முன்பின் அறியாத ஒருவரின் கணினியில் முதல் முயற்சியிலேயே எழுகிறதா என்பதைத்தான் பார்க்கிறேன்.

எந்தக் கருவியைக் கொண்டு தளத்தைக் கட்டுவது என்ற விவாதத்துக்குத் திட்டங்கள் தேவைக்கு மேல் நேரம் செலவிடுகின்றன. 2008-இல் வந்த ஜெக்கில், பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காக அதே ஆண்டில் வெளியான ஸ்ஃபிங்க்ஸ், 2013-இல் வந்த ஹியூகோ என்று எதை எடுத்தாலும், எளிய உரைக் கோப்புகளைப் படித்து எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றித் தரும் வேலை ஒன்றுதான். திட்டத்தில் இருப்பவர்களுக்குப் பழகிய மொழியில் எழுதப்பட்ட கருவியைத் தேர்ந்தெடுத்தால் போதும். பின்னாளில் தொல்லை தருவது அந்தத் தேர்வு அல்ல, தேர்ந்த கருவியின் எந்தப் பதிப்பு என்பதை எங்கும் எழுதி வைக்காததுதான்.

இதற்கு ஜெக்கில் நல்ல உதாரணம். அது எழுதப்பட்ட ரூபி மொழியின் 3.0 பதிப்பு 2020 டிசம்பரில் வெளியானபோது, அதுவரை மொழியுடன் சேர்ந்தே வந்த வெப்ரிக் என்ற சிறு வழங்கி (சர்வர்) தனித் தொகுப்பாகப் பிரிக்கப்பட்டது. அன்றைய ஜெக்கில், தளத்தை வெளியிடும் முன் நம் கணினியிலேயே முன்னோட்டம் காட்டுவதற்கு அந்த வழங்கியைத்தான் நம்பியிருந்தது. தளத்தின் கோப்புகளில் ஓர் எழுத்தும் மாறவில்லை; ஆனால் புதிய கணினியில் புதிய ரூபியை நிறுவியவருக்குத் தளம் ஓடவில்லை, பழைய ரூபியை வைத்திருந்த பராமரிப்பாளருக்கோ எல்லாம் சரியாகவே இருந்தது. ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட் ஜேஎஸ் உலகிலும் இதே கதை நடந்தது. 2021 அக்டோபரில் வந்த 17-ஆம் பதிப்பு ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் 3-ஆம் பதிப்புக்கு மாறியதும், கோப்புகளைத் தொகுத்துத் தரும் வெப்பேக் 4-ஐ நம்பியிருந்த தளங்கள் பாதி வழியில் நின்றன. பழைய குறியாக்க முறையை மீண்டும் இயக்கும் ஒரு சூழல் மாறியை அமைத்துவிட்டுப் பலர் கடந்துபோனார்கள். அந்தத் தற்காலிக ஒட்டு இன்றும் பல களஞ்சியங்களின் கட்டளைக் கோப்புகளில் காரணக் குறிப்பு ஏதுமின்றி உட்கார்ந்திருக்கிறது.

நிரல் களஞ்சியங்களை வைத்திருக்கும் கிட்ஹப்பின் தள வெளியீட்டுச் சேவையான கிட்ஹப் பேஜஸ் வழியாக வெளியிடுபவர்களுக்கு இன்னொரு முடிச்சு உண்டு. ஜெக்கில் 4-ஆம் பதிப்பு 2019-லேயே வெளிவந்துவிட்டபோதிலும், களஞ்சியத்தின் ஒரு கிளையிலிருந்து நேரடியாகத் தளத்தைக் கட்டித் தரும் கிட்ஹப்பின் பழைய முறை 3-ஆம் வரிசைப் பதிப்புகளிலேயே தங்கிவிட்டது. அதை அறியாதவர் தன் கணினியில் புதிய ஜெக்கிலை நிறுவி, அதில் மட்டுமே உள்ள வசதியைப் பயன்படுத்தி, முன்னோட்டத்தில் அழகாகப் பார்த்துவிட்டு அனுப்பினால், வெளியான தளம் வேறு மாதிரி இருக்கும். கிட்ஹப்புக்கென உள்ள ரூபித் தொகுப்பை நிறுவி அதே பதிப்புகளைக் கணினியிலும் பயன்படுத்தலாம். அல்லது கட்டளைகளைத் தானாக ஓட்டித் தரும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் மூலம் நம் விருப்பப் பதிப்பில் நாமே கட்டி வெளியிடலாம். நான் இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன், ஏனெனில் அப்போது பதிப்பைத் தீர்மானிக்கும் உரிமை திட்டத்தின் கையில் இருக்கிறது.

பதிப்புகளை உறைய வைக்கும் லாக் கோப்பைக் களஞ்சியத்தில் சேர்ப்பது இதன் அடிப்படை. அது தானாக உருவாகும் குப்பை என்று எண்ணிப் புறக்கணிப்புப் பட்டியலில் போட்டுவிடுகிற திட்டங்களை இன்னும் காண்கிறேன். நூலகமாக வெளியிடப்படும் நிரலுக்கு அதில் விவாதம் இருக்கலாம், தளத்துக்கு இல்லை. நோட் ஜேஎஸ் தொகுப்புகளை நிறுவும் என்பிஎம் கருவியைப் பயன்படுத்துபவர்கள் வழக்கமான நிறுவல் கட்டளைக்குப் பதிலாக, லாக் கோப்பில் உள்ளதை மட்டுமே அப்படியே நிறுவுகிற சிஐ என்ற கட்டளையை வழிமுறையில் எழுத வேண்டும். லாக் கோப்பும் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினொரு வரித் தொகுப்பை அதன் ஆசிரியர் என்பிஎம் பதிவகத்திலிருந்து விலக்கிக்கொண்டபோது, ஜாவாஸ்கிரிப்ட் மாற்றியான பேபல் உட்படப் பெரிய திட்டங்களின் கட்டுமானமே தடைபட்டது. எந்தப் பதிப்பு வேண்டும் என்று தெரிந்திருந்தும் அந்தப் பதிப்பு அங்கே இல்லை. ஆகவே ஒரு திட்டத்தின் ஆவணத் தளத்துக்கு இத்தனை சார்புத் தொகுப்புகள் தேவைதானா என்று கேட்பதும் பராமரிப்பின் பகுதியே.

ஹியூகோ பயன்படுத்தும் தளங்களில் இரண்டு இடறல்கள் திரும்பத் திரும்ப வரும். தளத்துக்குத் தோற்றம் தரும் தீம் பெரும்பாலும், பதிப்பு மேலாண்மைக் கருவியான கிட்டில், வேறொரு களஞ்சியத்தைச் சுட்டும் துணைத்தொகுதியாக இருக்கும். சாதாரணமாக நகலெடுத்தால் அந்தக் கோப்புறை காலியாகவே வரும். சில தீம்களுக்கு ஹியூகோவின் விரிவாக்கப்பட்ட பதிப்பு தேவை. இந்த இரண்டையும் களஞ்சியத்தின் ரீட்மீ (README) கோப்பின் முதல் சில வரிகளில் சொல்லிவிட்டால் போதும்.

தளம் ஓடிவிட்டது என்பதாலேயே வேலை முடிந்ததாகாது. முன்னோட்டத்தில் நன்றாக இருந்து வெளியீட்டில் உடைகிறவைதான் பராமரிப்பாளரின் நேரத்தை அதிகம் தின்கின்றன, அவற்றில் பலவற்றுக்குக் காரணம் இரு சூழல்களுக்கும் இடையிலான சிறு வேறுபாடுகள். விண்டோஸும் மேக்கும் இயல்பான அமைப்பில் கோப்புப் பெயரின் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கருதுகின்றன. வெளியிடும் லினக்ஸ் வழங்கி அப்படிக் கருதாது. அதனால் கணினியில் தெரிந்த படம் தளத்தில் காணாமல் போகிறது. தளம் ஒரு துணைப் பாதையின் கீழ் வெளியாகும்போது, சாய்கோட்டில் தொடங்கும் இணைப்புகள் திட்டத்தைத் தாண்டி ஆள்களப் பெயரின் (டொமைன்) வேருக்குப் போய் நிற்கின்றன. வேரிலேயே ஓடும் முன்னோட்டத்தில் இந்தப் பிழை தெரியவே தெரியாது. ஆகவே முன்னோட்டத்தையும் அதே துணைப் பாதையின் கீழ் ஓடவிட வேண்டும்.

தேதியும் இப்படித்தான் ஏமாற்றும். எதிர்காலத் தேதியிட்ட பதிவுகளை ஜெக்கிலும் ஹியூகோவும் இயல்பாக வெளியிடுவதில்லை. உலகப் பொது நேரத்துக்கு முன்னால் இருக்கும் இடத்திலிருந்து ஒருவர் இன்றைய நேரத்தை இட்டு அறிவிப்பு எழுதினால், பொது நேரத்தில் இயங்கும் வழங்கிக்கு அது இன்னும் வராத நேரமாகலாம். அறிவிப்பு வெளிவராது, பிழைச் செய்தியும் வராது. நேர மண்டலத்தைத் தேதியுடன் சேர்த்தே எழுதுவதும், தளத்தின் அமைப்பில் நேர மண்டலத்தைக் குறிப்பிடுவதும் இதைத் தவிர்க்கும். ஸ்ஃபிங்க்ஸில் கட்டிய பக்கங்களை கிட்ஹப் பேஜஸின் கிளையில் போட்டதும் வடிவமைப்பு முழுவதும் கலைந்து வெறும் எழுத்தாகத் தெரிவது இன்னொரு பழைய புதிர். அடிக்கோட்டில் தொடங்கும் கோப்புறைகளை ஜெக்கில் ஒதுக்கிவிடும், ஸ்ஃபிங்க்ஸோ தன் பாணிக் கோப்புகளை அப்படிப்பட்ட கோப்புறையில்தான் வைக்கிறது. நோஜெக்கில் என்ற பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியிட்ட வெற்றுக் கோப்பு ஒன்றை வேரில் வைத்தால் சிக்கல் தீரும்.

பாதுகாப்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். பெரும்பாலான முன்னோட்ட வழங்கிகள் இயல்பாக நம் கணினிக்குள் மட்டுமே கேட்கும் முகவரியில் ஓடுகின்றன. கைப்பேசியில் பார்த்துக்கொள்ள வசதியாக அதை எல்லா முகவரிகளுக்கும் திறந்துவிடுகிறவர், பொது வைஃபையில் இருக்கும்போது அதே வலையமைப்பில் உள்ள அனைவருக்கும் திறந்துவிடுகிறார். அதைவிடப் பெரிய ஆபத்து, தளத்தின் வார்ப்புருவில் என்றோ ஒருவர் சேர்த்த வெளியார் ஸ்கிரிப்ட். பழைய உலாவிகளுக்கு உதவிய பாலிஃபில் ஐஓ என்ற சேவையின் ஆள்களப் பெயர் 2024-இல் கைமாறி, அதே ஆண்டு ஜூனில் அதன் வழியாகத் தீங்கு நிரல் பரவியது தெரியவந்தபோது, அந்த ஒற்றை வரியை வைத்திருந்த தளங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்தன. தேவையான ஸ்கிரிப்டையும் எழுத்துருவையும் களஞ்சியத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டால், இணைய இணைப்பில்லாத கணினியிலும் தளம் முழுமையாக எழும். வலையமைப்பைத் துண்டித்துவிட்டு முன்னோட்டத்தைப் பார்ப்பது, எது எது வெளியிலிருந்து வருகிறது என்பதை உடனே காட்டிக்கொடுக்கும் எளிய சோதனை.

களஞ்சியத்தின் எடையையும் கவனிக்க வேண்டும். கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்பதில்லை; பேஜஸில் வெளியாகும் தளம் 1 ஜிபியைத் தாண்டக் கூடாது. ஆனால் அந்த வரம்பை எட்டும் முன்பே, செயல்விளக்கக் காணொளிகளையும் சுருக்கப்படாத திரைப்பிடிப்புகளையும் கமிட் செய்து (அதாவது வரலாற்றில் பதிந்து) பழகிய களஞ்சியம், நகலெடுக்கவே நெடுநேரம் பிடிக்கும் அளவுக்குப் பெருத்துவிடும். பிறகு கோப்பை அழித்தாலும் கிட் வரலாற்றில் அது தங்கியிருக்கும்.

இவற்றுக்கெல்லாம் நடைமுறையில் நான் வைத்துக்கொண்டிருக்கும் ஏற்பாடு எளிது. தளத்தைக் கட்டுவதற்கு ஒரே ஒரு கட்டளை. பங்களிப்பாளர் தன் கணினியில் இடுவதும் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டிலும் (திருத்தத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பத்திலும்) தானாக ஓடுவதும் அதே கட்டளை. தேவையான கருவிகளை உள்ளடக்கிய, பதிப்பெண் குறிப்பிட்ட டாக்கர் படிமம் ஒன்றும் உடன் இருந்தால், கணினியில் எதையும் நிறுவ விரும்பாதவருக்கும் வழி உண்டு. ஆனால் அதை மட்டுமே வழியாக்கக் கூடாது, பழைய கணினி வைத்திருப்பவருக்கு அது பெருஞ்சுமை. லைச்சி அல்லது எச்டிஎம்எல்-ப்ரூஃபர் போன்ற கருவி உடைந்த இணைப்புகளைத் தேடட்டும். ஆனால் வெளித்தளம் ஒன்று சிறிது நேரம் செயலிழந்ததற்காகப் புதியவரின் திருத்தம் தடைபடாதபடி, வெளி இணைப்புச் சோதனையைத் தனியே கால அட்டவணையில் ஓடவிடுவது நல்லது. ஆள்களப் பெயரின் கணக்கு ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. தளத்தை வேறிடத்துக்கு மாற்றும்போது திட்டத்தின் துணை ஆள்களப் பெயரைப் பழைய இடத்துக்குச் சுட்டும் டிஎன்எஸ் பதிவை நீக்காமல் விட்டால், அந்தப் பெயரை வேறொருவர் கைப்பற்றித் திட்டத்தின் பெயரில் எதையும் வெளியிட முடியும். ஒவ்வொரு பெரிய வெளியீட்டுக்கும் முன்னர், திட்டத்தில் இதுவரை பங்களிக்காத ஒருவரிடம் வெற்றுக் கோப்புறையில் தொடங்கி வழிமுறையை வரிக்கு வரி பின்பற்றச் சொல்லுங்கள். அவர் எந்த வரியில் தயங்குகிறாரோ அந்த வரியைத் திருத்தி, அந்தத் திருத்தத்தை அவர் பெயரிலேயே கமிட் செய்யச் சொல்லுங்கள்.