பகல் 12 மணி ஏ.எம்.மா, பி.எம்.மா?

பொங்கல் நெருங்கும்போது பெங்களூரிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வர ஆன்லைனில் பஸ் டிக்கெட் போடுகிறவர்கள் ஒரு வரியை இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது. 'ஜனவரி 14, 12.30 ஏ.எம்.' என்று டிக்கெட்டில் இருந்தால் எந்த ராத்திரி கிளம்புவது? 13ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பி, நடுராத்திரி தாண்டி அரை மணிக்கு வண்டி ஏற வேண்டும். 14ஆம் தேதி ராத்திரி பையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால், அந்த வண்டி போய் ஒரு நாள் ஆகியிருக்கும். "அண்ணா, பதிமூணாந்தேதி நைட்டா, பதினாலாந்தேதி நைட்டா?" என்று டிராவல்ஸ்காரரிடம் கேட்பவரை விவரம் தெரியாதவர் என்று நினைக்கக் கூடாது. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அவர் கேட்கிறார்.

நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகை இந்தக் குழப்பத்துக்கு இடமே வைப்பதில்லை. 'வியாழக்கிழமை இரவு, விடிந்தால் வெள்ளி, அதிகாலை 4.30 மணிக்கு மேல் 6.00 மணிக்குள்' என்று அடித்துவிடுவார்கள். பஞ்சாங்கத்தில் நாள் மாறுவது சூரிய உதயத்தில். கடிகாரத்தில் மாறுவது நள்ளிரவில். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் ஆறு மணி நேரத்தில் முகூர்த்தம் வந்தால், அது வியாழனா வெள்ளியா என்று உறவுக்காரர்கள் தடுமாறுவார்கள். 'விடிந்தால் வெள்ளி' என்ற இரண்டு சொல் அந்தத் தடுமாற்றத்தைத் தீர்த்துவிடுகிறது. ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும் இந்த ஆறு மணி நேரம் நன்றாகப் பழக்கம். வேலைக்குப் போன தேதி ஒன்று, வீடு திரும்பும் தேதி ஒன்று.

இனி ஏ.எம்., பி.எம். விஷயத்துக்கு வருவோம். 11 ஏ.எம்., 3 பி.எம். என்றால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. சிக்கல் முழுக்க 12 என்ற ஒரே எண்ணில்தான் இருக்கிறது. 11 ஏ.எம்.முக்கு அடுத்தது 12 ஏ.எம். ஆகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் வழக்கத்தில் அது 12 பி.எம். அதற்குப் பிறகு வருவது 1 பி.எம். அதாவது 12.30 பி.எம். முதலில், 1 பி.எம். அதற்குப் பின். எண்களின் வரிசை தலைகீழாக நிற்கிறது.

காரணம், கடிகாரத்தில் 12 என்று எழுதியிருந்தாலும் அது செய்வது பூஜ்ஜியத்தின் வேலை. பகல் 12.30 என்றால் உச்சிக்குப் பிறகு பூஜ்ஜிய மணி 30 நிமிடம். ராத்திரி 12.30 என்றால் புது நாள் பிறந்து பூஜ்ஜிய மணி 30 நிமிடம். 12 இருக்கும் இடத்தில் மனதுக்குள் 0 போட்டுப் பார்த்தால் வரிசை நேராகிவிடும்: 0, 1, 2 என்று ஏறி 11 வரை, மறுபடி 0. ரயில்வே 24 மணிக் கணக்கில் 00.30 என்று போடுவது இதையேதான். ரயில் டிக்கெட்டில் 'பகலா, ராத்திரியா' என்ற கேள்வி எழாமல் போவதற்கும் அதுதான் காரணம். எந்தத் தேதியின் ராத்திரி என்பதை மட்டும் அங்கேயும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த எழுத்துகள் வந்த வழியைப் பார்த்தால் இன்னொன்று தெளிவாகிறது. லத்தீனில் 'ஆன்டே மெரிடியெம்' என்றால் உச்சிக்கு முன், 'போஸ்ட் மெரிடியெம்' என்றால் உச்சிக்குப் பின். அப்படியானால் சரியாக உச்சியில் இருக்கும் கணம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நள்ளிரவோ, போன உச்சிக்கு 12 மணி நேரம் பின்னும் வரும் உச்சிக்கு 12 மணி நேரம் முன்னும் ஒரே சமயத்தில் நிற்கிறது. அமெரிக்காவின் அளவைத் தர நிறுவனமான நிஸ்ட்டே 12 ஏ.எம்., 12 பி.எம். இரண்டையும் எழுத வேண்டாம் என்றுதான் சொல்கிறது. நம் அறிவிப்புகளிலும் அதைக் கடைப்பிடித்தால் நல்லது. 'விண்ணப்பிக்கக் கடைசி நேரம் 15ஆம் தேதி 12 ஏ.எம்.' என்று போட்டால், 15ஆம் தேதி முழுக்க அவகாசம் இருப்பதாகப் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் 14ஆம் தேதி ராத்திரியோடு கதவு சாத்தியாகிவிட்டது. '14ஆம் தேதி இரவு 11.59 வரை' என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

ஏ.எம்., பி.எம். இரண்டும் சூரியனைப் பற்றிய பேச்சு என்பதால், தருமபுரியில் நிற்கிறவர் அடுத்துக் கேட்க வேண்டியது: நம் தலைக்கு மேல் சூரியன் எத்தனை மணிக்கு உச்சிக்கு வருகிறது? 12 மணிக்கு என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனால் தருமபுரி நகரில் வருஷத்தின் எந்த நாளிலும் 12 மணிக்குள் சூரியன் உச்சியைக் கடப்பதில்லை.

கணக்கு எளிது. இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் 1906 ஜனவரி 1 முதல் வந்தது. அதற்கு அடிப்படை 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகை. அது உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் அருகே போகிறது. தருமபுரி இருப்பது ஏறக்குறைய 78.16 பாகையில். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. இடையில் உள்ள 4.34 பாகைக்கு 17 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். மிர்சாபூர்க்காரர் தலைக்கு மேல் சூரியன் வந்து அவ்வளவு நேரம் கழித்துத்தான் நமக்கு உச்சி. மேற்கே ஓசூர், ஒகேனக்கல் பக்கம் இன்னும் ஒன்றரை நிமிடம் கூடும். 1906க்கு முன்பு ரயில்கள் பின்பற்றிவந்த மெட்ராஸ் நேரம், நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் நேரம். அது இன்றைய நேரத்துக்கு ஏறத்தாழ 9 நிமிடம் பின்னால் இருந்தது. நம் சூரியனுக்கு அந்தக் கடிகாரம் இன்னும் நெருக்கமானது.

மிர்சாபூருக்கும் நமக்கும் உள்ள இந்த 17 நிமிட வித்தியாசம் மாறாது, ஆனால் உச்சி வரும் நேரம் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை. ஜனவரி தொடக்கத்தில் சூரியனுக்கு அருகில் இருக்கும்போது பூமி வேகமாக ஓடுகிறது, ஜூலையில் மெதுவாக. அதோடு பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து, ஒரு உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் உள்ள இடைவெளியை 24 மணிக்குச் சில விநாடிகள் கூட்டியும் குறைத்தும் விடுகின்றன. டிசம்பர் கடைசியில் ஒரு நாளைக்கு 30 விநாடி வரை கூடும். அது நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போய், பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் சூரியன் 14 நிமிடம் தாமதமாகிவிடுகிறது. நவம்பர் முதல் வாரத்தில் 16 நிமிடம் முந்திக்கொள்கிறது. ஆகவே தருமபுரியில் உச்சிவேளை நவம்பர் 3ஐ ஒட்டி 12.01, பிப்ரவரி 11ஐ ஒட்டி 12.31. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கிழக்கு ஓரத்தில், அரூர், ஊத்தங்கரைப் பக்கம் மட்டும் நவம்பர் தொடக்கத்தில் அது 12 மணியைத் தொட்டு, அதற்கும் சில விநாடி முந்தப் பார்க்கும். தருமபுரியில் பிப்ரவரியில் 12.20க்கு கைபேசி பி.எம். காட்டும்போது, ஆகாயத்தில் இன்னும் ஏ.எம்.தான்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு குச்சி, ஒரு கயிறு, ஒரு சுண்ணாம்புத் துண்டு போதும். நிழல் மிகக் குறுகும் கணத்தைக் கண்ணால் பிடிக்க முயல வேண்டாம். உச்சியை ஒட்டி நிழலின் நீளம் மாறுவதே தெரியாது, பத்து நிமிடம் பிசகிவிடும். பழைய கட்டடக் கலைஞர்கள் திசை காணக் கையாண்ட சங்கு முறை இதைவிட நல்லது. சமதளத்தில் குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதை மையமாக வைத்துக் கயிற்றால் ஒரு வட்டம் போடுங்கள். காலையில் நீண்டிருக்கும் நிழல் குறுகிக்கொண்டே வந்து, அதன் நுனி வட்டத்துக்குள் நுழையும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் அதே நுனி வட்டத்தை விட்டு வெளியேறும் நேரத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுநேரம்தான் உங்கள் ஊரின் உச்சி. பிப்ரவரி 11 அன்று நுழைவது 11.00 மணி என்றால், வெளியேறுவது 2.02 அல்லது 2.03ஆக இருக்கும். பள்ளி மைதானத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே செய்துவிடலாம். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை மேகம் மறைக்கும், பிப்ரவரியில் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

ஏப்ரல் 22ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 21ஐ ஒட்டியும் தருமபுரியில் குச்சியின் நிழல் உச்சியில் அடியோடு மறைந்துபோகும், அந்த நாள்களில் சூரியன் நேர் தலைக்கு மேல். கிருஷ்ணகிரி கொஞ்சம் வடக்கே இருப்பதால் ஏப்ரலில் ஒரு நாள் பிந்தியும் ஆகஸ்டில் ஒரு நாள் முந்தியும் அது நடக்கும். இடைப்பட்ட நான்கு மாதமும் உச்சி நிழல் தெற்கே விழும். நிழல் என்றால் வடக்கே விழும் என்று பழகியவர்கள் மே மாதத்தில் ஒருமுறை பார்க்கலாம். அப்போது உச்சி நேரம் 12.14.