கங் ஹோ: மரைன் படையின் சொல்லும் அதற்கான தமிழும்

ஆங்கிலச் செய்திகளில் ஒருவரை ‘கங் ஹோ’ என்று எழுதியிருந்தால், அவர் பின்விளைவை யோசிக்காமல் அளவுக்கு மீறிய வேகத்தில் ஒரு காரியத்தில் குதிக்கிறார் என்றுதான் பெரும்பாலும் பொருள். அமெரிக்க மரைன் ஒருவர் தன் சகாவை அப்படிச் சொன்னால் அது பாராட்டாகவும் இருக்கலாம்: படைக்காக எதற்கும் துணிந்தவர், தன் பிரிவின் பெயர் கெடவிடாதவர். இந்த இரண்டு பொருளுமே பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை.

மரைன் என்பதை நம் பத்திரிகைகள் பல நேரம் ‘கடற்படை வீரர்’ என்று எழுதிவிடுகின்றன, அது சரியில்லை. கப்பலில் போய்க் கரையிறங்கித் தரையில் சண்டை போடுகிறவர்கள் இவர்கள். அமெரிக்காவில் 1775 நவம்பர் 10 அன்று தொடங்கப்பட்ட தனிப்படை. ‘ஈரூடகப் படை’ என்றும் தமிழில் எழுதுகிறார்கள். இங்கே மரைன் என்றே வைத்துக்கொள்கிறேன்.

சரி, சொல்லுக்கு வருவோம். அது சீனச் சொல். 1937இல் ஜப்பான் படையெடுத்தபோது ஷாங்காய் முதலான கடலோர நகரங்களின் ஆலைகள் அழிந்தன, மிஞ்சியவை எதிரி கைக்குப் போயின. நாட்டுக்குத் துணி வேண்டும், கருவி வேண்டும், அகதிகளாக வந்தவர்களுக்கு வேலை வேண்டும். ரெவி ஆலி என்ற நியூசிலாந்துக்காரர், அமெரிக்கப் பத்திரிகையாளர்களான எட்கர் ஸ்னோ, அவர் மனைவி ஹெலன், சீன நண்பர்கள் சிலர் எல்லாரும் சேர்ந்து 1938இல் உள்நாட்டில் சிறு சிறு கூட்டுறவுப் பட்டறைகளைத் தொடங்கினார்கள். படைவீரர்களுக்கான கம்பளிகூட அங்கே நெய்யப்பட்டது. அந்த அமைப்பின் பெயரில் ‘குங்யெ’ என்றால் தொழில், ‘ஹெசுவோஷெ’ என்றால் கூட்டுறவுச் சங்கம். இரண்டின் முதலசைகளையும் சேர்த்துச் சுருக்கியதுதான் ‘குங் ஹோ’, நம்மூர் கோ-ஆப்டெக்ஸ் மாதிரி. ‘குங்’ வேலை, ‘ஹோ’ சேர்தல் என்பதால் ‘சேர்ந்து உழை’ என்றும் பிரித்துப் படிக்க முடிந்தது. சீனர்கள் அன்றாடம் சொல்லும் முழக்கமோ பழமொழியோ அல்ல அது.

அதை மரைன்களிடம் கொண்டுவந்தவர் எவன்ஸ் கார்ல்சன். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மதபோதகரின் மகன், 16 வயதில் வயதை மாற்றிச் சொல்லி ராணுவத்தில் சேர்ந்தவர், பிறகு மரைன் அதிகாரி. 1937-38இல் பார்வையாளராகச் சீனாவுக்கு அனுப்பப்பட்டு, கம்யூனிஸ்டுகளின் எட்டாவது வழிப்படையோடு கூடவே நடந்தார். ஏன் சண்டை போடுகிறோம் என்பது அங்கே கடைசிச் சிப்பாய்க்கும் தெரிந்திருந்தது, தலைவர்களும் சிப்பாய்களும் ஒரே சோற்றைத் தின்றார்கள், அது அவர் மனதை விட்டுப் போகவே இல்லை. சீனாவைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தடை வந்ததும் 1939இல் வேலையையே விட்டார். 1941இல் திரும்பச் சேர்ந்தார்.

1942 பிப்ரவரியில் இரண்டாவது மரைன் ரெய்டர் பட்டாலியன், அதாவது திடீர்த் தாக்குதலுக்கான தனிப் பிரிவு, உருவானபோது தலைமை அவரிடம் வந்தது. அதிகாரிகளுக்குத் தனிச் சாப்பாடு கிடையாது, தனிச் சலுகை கிடையாது. பட்டாலியன் முழுவதும் கூடி உட்காரும். அதில் எந்தச் சிப்பாயும் எழுந்து அதிகாரியின் முடிவைக் கேள்வி கேட்கலாம். அந்தக் கூட்டத்துக்கே ‘கங் ஹோ கூட்டம்’ என்று பெயர். சீனக் கூட்டுறவுக்காரர்களின் குறிச்சொல் இது, சேர்ந்து வேலை செய் என்று அர்த்தம் என அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். அந்த நாள் ராணுவத்தில் இப்படி நடப்பதெல்லாம் லேசான காரியமில்லை, மேலதிகாரிகள் பலருக்குப் பிடிக்கவும் இல்லை.

1942 ஆகஸ்ட் 17 அன்று இவர்கள் பசிபிக் கடலில் ஜப்பானியர் வசமிருந்த மேக்கின் தீவைத் தாக்கினார்கள். இரண்டு நீர்மூழ்கிகளில் போய், இருட்டில் ரப்பர் படகுகளில் இறங்கினார்கள். கரையைப் பிடித்துவிட்டார்கள், ஆனால் திரும்பும்போது அலை படகுகளைத் தூக்கித் தூக்கிக் கரையிலேயே வீசியது, மோட்டார்களில் தண்ணீர் புகுந்துவிட்டது. குழப்பத்தில் ஒன்பது பேர் தீவிலேயே விடுபட்டுப் போனார்கள். ஜப்பானியர் அவர்களைப் பிடித்து, குவாஜலீன் என்ற இன்னொரு தீவுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். சகாவை விட்டுவிட்டு வருவதில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லும் படை அது, அதனால் இந்த இழப்பின் வலி தலைமுறை தாண்டியும் ஆறவில்லை. 1999இல் அதே தீவில் தோண்டிப் பார்த்து, சண்டையில் இறந்தவர்களில் 19 பேரின் எலும்புகளைக் கண்டெடுத்து ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

1943இல் இதே தாக்குதலை வைத்து, இதே சொல்லைத் தலைப்பாகக் கொண்டு ஒரு ஹாலிவுட் படம் வந்தது. சொல் நாடெங்கும் பரவியது, பொருளோ பாதி வழியில் உதிர்ந்துபோனது. கேள்வி கேட்கும் கூட்டம் மறைந்து வெறும் வேகம் மிஞ்சியது. அப்புறம் அந்த வேகமே கேலிக்குரியதாகிவிட்டது. ரெய்டர் பட்டாலியன்களும் 1944இல் கலைக்கப்பட்டன. கார்ல்சன் அதே ஆண்டு சைபான் தீவில், காயம்பட்ட சிப்பாய் ஒருவரைத் தூக்கிவரப் போய்க் குண்டடிபட்டார், 1947இல் இறந்தார்.

இப்போது தமிழ். இதற்கு ஒரே சொல்லைத் தேடுவது தப்பு என்று நினைக்கிறேன். கண்டிக்கும் பொருளில் வந்தால் ‘ஆர்வக்கோளாறு’ என்பதை அடிக்க வேறு சொல் இல்லை, தயங்காமல் எழுதலாம். கண்டிக்காமல் முனைப்பை மட்டும் காட்ட ‘வரிந்துகட்டிக்கொண்டு இறங்குதல்’ போதும். மரைன்கள் தங்கள் படையைப் பற்றிக் கொள்ளும் பெருமிதத்துக்குத் திருக்குறளின் 78ஆம் அதிகாரப் பெயரே இருக்கிறது: படைச்செருக்கு. செருக்கு இன்று வசவு போலக் கேட்டாலும் அங்கே அது வீரனின் நிமிர்வு. ஆனால் அந்த அதிகாரத்தில் பெரும்பாலும் தனிவீரன்தான் நிற்கிறான், ‘என்னைமுன் நில்லன்மின் தெவ்விர்’ என்று அறைகூவுகிறவன். கார்ல்சன் சொன்னது அது அல்ல. அதற்கு முந்தைய அதிகாரத்துக்குப் போக வேண்டும்:

கூற்றுடன்று மேல்வரினும் கூடி எதிர்நிற்கும்
ஆற்ற லதுவே படை.

எமனே சினந்து மேலே விழுந்தாலும் ஒன்றுகூடி எதிர்த்து நிற்கிற வலிமைதான் படை என்கிறார் வள்ளுவர். அந்தக் ‘கூடி’ என்ற ஒரு சொல்லில்தான் எனக்கு மொத்த விஷயமும் இருக்கிறது. அதனால் மரைன்களின் மூலப் பொருளுக்குக் ‘கூட்டுவீறு’ என்று எழுதலாம் என்பது என் கருத்து. வீறுகொண்டு எழுதல் நமக்குப் பழகிய வழக்கு, கூட்டுறவில் உள்ள கூட்டும் அதில் வந்துவிடுகிறது. ‘ரெய்டர்களின் கூட்டுவீறு’ என்று வரலாற்றுக் கட்டுரையில் எழுதுங்கள். ‘புது மேலாளர் ஆர்வக்கோளாறில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்’ என்று அலுவலகச் செய்தியில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் கங் ஹோதான் இருக்கும்.