வானவில் போவாவின் தோலில் நிறம் எங்கே இருக்கிறது?

கல்முனையில் உயர்தரம் படிக்கும் மாணவர் ஒருவர் இரண்டு கேள்விகளை அனுப்பியிருந்தார். தென்னமெரிக்காவைச் சேர்ந்த வானவில் போவா என்ற பாம்பைக் காணொளிகளில் பார்த்திருக்கிறார். அதன் செம்மஞ்சள் உடலின் மேல் நீலமும் பச்சையும் ஊதாவும் வழுக்கிச் செல்லும் அந்த மினுக்கம் எப்படி உண்டாகிறது என்பது முதற் கேள்வி. வெளிநாடுகளில் பலர் வளர்ப்பதுபோல மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அதை வீட்டில் வளர்க்கலாமா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் விடை அந்தப் பாம்புத் தோலின் மிக வெளிப்புறத்து மெல்லிய படையில்தான் இருக்கிறது என்பதால், அதையே விரிவாக எழுத விரும்புகிறேன்.

பாம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லின்னேயசு 1758இலேயே பெயரிட்டு விவரித்த இனம் இது. அமேசன் ஆற்றுப் படுகையின் ஈரக் காடுகளில் வாழ்கிறது. வளர்ந்த பாம்பு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் நீளம் இருக்கும். நஞ்சு கிடையாது, எலிகளையும் பறவைகளையும் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும். முட்டையிடாமல் குட்டி ஈனும். இரவில் நடமாடும். முதுகில் கருவளையங்களும் பக்கங்களில் பிறைபோன்ற வெளிர் திட்டுகளும் உண்டு. நம் காடுகளில் உள்ள வெங்கிணாந்திக்கு, அதாவது மலைப்பாம்புக்கு, வாழ்க்கை முறையில் ஒத்தது. ஆனால் குடும்பம் வேறு.

அந்த உடலின் செம்மஞ்சளும் கறுப்பும் சாயத்தால் வந்தவை. தோலின் கலங்களுக்குள் நிறப்பொருள்கள் இருக்கின்றன. அவை வெள்ளொளியின் சில அலைநீளங்களை உறிஞ்சி எஞ்சியவற்றைத் திருப்பி அனுப்புகின்றன. மேலே ஓடும் வானவில்லுக்கோ எந்தச் சாயமும் காரணமில்லை. அங்கே நீல நிறப்பொருளும் இல்லை, பச்சை நிறப்பொருளும் இல்லை. செதில்கள் அரியங்களைப்போல ஒளியை முறித்துப் பிரிக்கின்றன என்று இணையத்தில் பலரும் எழுதுகிறார்கள், அதுவும் சரியன்று. அரியம் வேலை செய்வது ஒவ்வொரு நிறத்துக்கும் கண்ணாடியின் முறிவுச்சுட்டி, அதாவது அது ஒளியை வளைக்கும் அளவு, சற்றே வேறுபடுவதால். பாம்பின் செதிலில் நடப்பது அலைகளின் தலையீடு. அதற்குத் தேவையானது ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடக்கூடிய மிகச் சிறிய தடிப்பும் இடைவெளியுமே.

பெரும்போகம் தொடங்கி உழவு இயந்திரங்கள் வட்டைக்குள் இறங்கும் நாட்களில், வரம்போரத்து நீரில் ஒரு துளி டீசல் விழுந்தால் அது விரிந்து நிறம் காட்டுவதை நம் பகுதியில் பார்க்காதவர் இல்லை. டீசலில் அந்த நிறங்கள் இல்லை, நீரிலும் இல்லை. டீசல் படலத்தின் மேற்பரப்பில் ஒளியின் ஒரு பகுதி தெறிக்கிறது. மறுபகுதி உள்ளே இறங்கி, டீசலும் நீரும் சந்திக்கும் அடிப்பரப்பில் தெறித்து வெளியே வருகிறது. இரண்டாவது கதிர் படலத்தைக் கடந்துபோய்த் திரும்பி வந்ததால் கூடுதலான தூரம் பயணித்திருக்கிறது. இரு கதிர்களும் மீண்டும் சேரும்போது, ஏதேனும் ஓர் அலைநீளத்துக்கு அலையின் மேடான முடியோடு முடி பொருந்தினால் அந்த நிறம் ஓங்கும். முடியோடு அலையின் பள்ளமான தாழி பொருந்தினால் அந்த நிறம் அழியும். வெள்ளொளியிலிருந்து சில நிறங்கள் ஓங்கிச் சில நிறங்கள் அழிந்தபின் எஞ்சுவதையே நாம் பார்க்கிறோம். தலையீடு என்பது இதுதான்.

உயர்தர மாணவர் கேட்டதால் ஒரு கணக்கையும் செய்து பார்க்கலாம். முறிவுச்சுட்டி 1.5 உடைய, 280 நானோமீற்றர் தடிப்புள்ள படலம் ஒன்றை, அதைவிடக் குறைந்த முறிவுச்சுட்டி உள்ள பொருளின் மேல் வையுங்கள். செங்குத்தாக விழும் ஒளிக்கு ஒளியியற் பாதை வேறுபாடு 2 × 1.5 × 280, அதாவது 840 நானோமீற்றர். மேற்பரப்பில் தெறிக்கும் கதிருக்கு மட்டும் அரை அலைநீள மாற்றம் ஏற்படுவதால், 840ஐ அரை, ஒன்றரை, இரண்டரை என்ற எண்களால் வகுக்க வேண்டும். கிடைப்பவை 1680, 560, 336. முதலாவது செந்நிறக்கீழ்க் கதிர், மூன்றாவது ஊதாக் கடந்த கதிர். கண்ணுக்குத் தெரிவது நடுவிலுள்ள 560, அதாவது பச்சை. இப்போது அதே படலத்தை 45 பாகை சரிவில் பாருங்கள். உள்ளே கதிர் சரிந்து செல்வதால் பாதை வேறுபாடு ஏறத்தாழ 741 நானோமீற்றராகக் குறைகிறது. ஓங்கும் அலைநீளம் 494, அதாவது நீலப்பச்சை. படலம் மாறவில்லை, பார்வைக் கோணம் மட்டுமே மாறியது. பாம்பு வளைந்து நகரும்போது ஒவ்வொரு செதிலும் நம் கண்ணுக்கும் விளக்குக்கும் வேறு வேறு கோணத்தைக் காட்டுவதனால்தான் நிறம் அதன் உடலில் ஓடுவதுபோலத் தோன்றுகிறது.

பாம்பின் மேற்றோல் கெரட்டின் வகைப் புரதங்களாலான பல மெல்லிய படைகளைக் கொண்டது. ஆகவே தலையீட்டுக்கு வேண்டிய பரப்புகள் அங்கே ஆயத்தமாக இருக்கின்றன. இதோடு இன்னொரு பொறிமுறையும் சேர்கிறது. இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தால், பல பாம்பினங்களின் வெளிப்படை மழமழப்பாக இராது. மிக நுண்ணிய வரிகளும் மேடுகளும் ஒழுங்காக நிரை கட்டி நிற்கும். ஒழுங்கான இடைவெளியில் நிற்கும் வரிகளில் ஒளி பட்டால், பாடப்புத்தகம் கோணல் என்று சொல்லும் நிகழ்வினால் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு திசைக்குப் பிரிந்து செல்லும். இறுவட்டின் தடங்களுக்கிடையே உள்ள தூரம் 1.6 மைக்கிரோமீற்றர்; அதன்மேல் ஒளி செங்குத்தாக விழுந்தால் நீலம் ஏறத்தாழ 16 பாகையிலும் சிவப்பு 24 பாகையிலும் புறப்படும். தலையீடு, கோணல் ஆகிய இரண்டின் பங்கும் இனத்துக்கு இனம் வேறுபடும். தென்கிழக்காசியாவில் மண்ணுக்குள் வாழும், இதைவிடவும் பளிச்சிடும் சூரியக்கதிர்ப் பாம்பிலும் இதே பௌதிகம்தான்.

இந்த ஒளி மிகவும் மென்மையானது. படலத்தில் தெறிப்பது விழும் ஒளியின் சிறு பங்கே. மீதி கீழே இறங்கிவிடும். கீழே வெளிர் நிறத் தோல் இருந்தால் அங்கிருந்து சிதறி வரும் வெள்ளொளி இந்த மெல்லிய நிறத்தை மூழ்கடித்துவிடும். கீழே கருமை இருக்க வேண்டும். மெலனின் என்ற கரு நிறப்பொருள் நிறைந்த கலங்கள் இறங்கி வரும் ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் மட்டுமே மேலே உள்ள வானவில் தனித்துத் தெரிகிறது. கருவளையங்கள் உள்ள இடத்தில் நீலமும் ஊதாவும் கூடுதலாகப் பளிச்சிடுவதன் காரணமும் இதுதான்.

இதைப் பார்க்கப் பிரேசில் வரை போக வேண்டியதில்லை. விறகுக் குவியலுக்குள் சாரைப் பாம்பு கழற்றிவிட்டுப் போன சட்டை ஒன்றை எடுத்து, கறுப்பு மட்டை போட்ட கொப்பியின் மேல் விரித்து, ரோச் லைற்றைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். வெறுங்கையில் பிடித்தபோது வெங்காயத் தோல்போல நிறமற்றிருந்த அது, கறுப்பின் மேல் வைத்துச் சரித்தபோது வயிற்றுப்புறத்து அகன்ற செதில்களின் ஓரங்களில் மெல்லிய இளஞ்சிவப்பையும் பச்சையையும் காட்டியது. கண்ணின் மேல் மூடியிருந்த வட்டச் செதில்கூடக் கிழியாமல், சிறிய கண்ணாடிக் கிண்ணம்போலச் சட்டையோடு சேர்ந்தே வந்திருந்தது. உயிரற்ற வெறும் சட்டையில் நிறம் தெரிகிறது என்றால், நிறத்துக்குக் காரணம் உயிருள்ள கலத்தின் சாயமன்று, இறந்த படையின் அமைப்பே என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

இனி, என்னை எப்போதும் வியப்பில் ஆழ்த்தும் பகுதிக்கு வருகிறேன். ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீற்றர் அளவிலான இவ்வளவு ஒழுங்கான வரிகளைப் பாம்பு எப்படி உருவாக்குகிறது? மனிதத் தோல் ஓயாமல் துகள் துகளாக உதிர்வது. பாம்போ பழைய மேற்றோலின் கீழே புதிய மேற்றோல் ஒன்றை முழுமையாகக் கட்டி முடித்த பின்னரே பழையதை ஒட்டுமொத்தமாகக் கழற்றுகிறது. சட்டை உரிக்கும் காலம் நெருங்கும்போது பழைய மேற்றோலின் அடிப்புறப் படையும் புதிய மேற்றோலின் மேற்புறப் படையும் முகத்தோடு முகம் ஒட்டியபடி ஒன்றாகவே வளர்கின்றன. அப்போது இரண்டின் கலங்களும் இன்னும் மென்மையாக இருக்கும். புதிய படையின் கலங்கள் மேல்நோக்கி நுண்ணிய மேடுகளைத் தள்ள, அவை பழைய படையின் கலங்களுக்குள் பதிந்து, இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்கின்றன. அந்த நிலையிலேயே இரண்டும் கெரட்டினால் நிறைந்து இறுகுகின்றன. பழைய படை இங்கே ஓர் அச்சு. புதிய படை அந்த அச்சில் வார்த்தெடுக்கப்பட்ட வார்ப்பு.

இறுகிய பிறகு இரண்டுக்கும் இடையே திரவம் ஊறுகிறது. பாம்பின் கண்கள் பால் கலந்த நீலமாக மாறுவது இந்தத் திரவத்தினால்தான். அந்நாட்களில் வானவில் போவாவின் மினுக்கம் முற்றாக மங்கி, அது புழுதி படிந்த கயிறாகக் கிடக்கும். சில நாட்களில் கண் தெளியும். அதன்பின் மூக்கைக் கரடான இடத்தில் உராய்ந்து உதட்டோரத்தில் தோலைப் பிளந்து, உட்புறம் வெளிப்புறமாகப் புரளச் சட்டையை விட்டு வெளியேறும். கோத்திருந்த மேடுகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிய, காற்றையோ மண்ணையோ தொடாத புத்தம் புதிய வரிகள் முதன்முதலாக வெளிச்சத்தைச் சந்திக்கின்றன. வானவில் போவா மிக அழகாக இருப்பது அந்நேரத்தில்தான். பிறகு உராய்வும் அழுக்கும் அதை மெல்ல மங்கச் செய்ய, அடுத்த வார்ப்பு உள்ளே தொடங்கிவிடும்.

இரவில் நடமாடும் பாம்புக்கு இந்த அழகினால் என்ன பயன்? துணையைக் கவர்வதற்கு என்று நம்புவது கடினம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மண்ணுக்குள் வாழும் கவசவால் பாம்புகளின் செதில்களை ஆராய்ந்து கார்ல் கான்சும் அவருடைய சக ஆய்வாளரும் 1977இல் வெளியிட்ட கட்டுரை, செதிலின் நுண்ணமைப்பை ஈரமும் மண்ணும் ஒட்டாமல் உதிர்வதோடு தொடர்புபடுத்தியது. அந்த நோக்கில் நிறம் ஓர் உடன்விளைவே. பாம்புக்கு வேண்டியது வழுக்கும் சுத்தமான தோல், வானவில் நமக்குக் கிடைத்த உபரி. நம் தீவின் பாம்புகளே இந்தக் கேள்விக்கு இவ்வளவு துணை செய்திருக்கும்போது, இத்தகைய ஆய்வுகள் இங்கேயே தொடர வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். கழற்றிய சட்டையை ஆராய ஒரு பாம்பையும் பிடிக்க வேண்டியதில்லை, கொல்ல வேண்டியதில்லை. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் படிக்கும் மாணவர்களுக்குச் சிறு தொகையாயினும் தவறாமல் கிடைக்கும் ஆய்வு உதவியும், இலத்திரன் நுணுக்குக்காட்டியில் சில மணி நேரமும் ஒதுக்கினால் போதும். உடனடி வருமானம் தராது என்ற ஒரே காரணத்தால் அடிப்படை ஆய்வை ஒதுக்குவது பெருந்தவறு.

பாம்பின் மினுக்கத்தை நாகமாணிக்கத்தோடு தொடர்புபடுத்திப் பேசுவோரும் நம்மிடையே உண்டு. பாம்பின் தலையிலோ வாயிலோ மாணிக்கம் எதுவும் உருவாவதில்லை. அப்படிச் சொல்லிக் கல் விற்பவர் ஏமாற்றுக்காரர். நாகதம்பிரானை வணங்கும் பக்தியை நான் இதோடு சேர்க்கவில்லை. அந்த வழிபாடு எத்தனையோ பாம்புகளை அடிபடாமல் காத்திருக்கிறது.

வளர்ப்பதைப் பற்றிய கேள்விக்கு முதலில் சட்டம். போவாக் குடும்பம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தக உடன்படிக்கையின் பின்னிணைப்புகளில் இடம்பெற்றிருக்கிறது. இலங்கை 1979இல் அதில் இணைந்தது. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் இத்தகைய பாம்பைக் கொண்டுவருவது குற்றமாகும். அதற்கு மாற்றாக வெங்கிணாந்திக் குட்டியைப் பிடித்து வளர்க்கலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். அது 1937ஆம் ஆண்டின் விலங்குகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது.

சட்டத்தை விட்டாலும் நம் காற்று அதற்கு ஒத்துவராது. வானவில் போவாவுக்குப் பகலில் 24 முதல் 29 பாகை செல்சியசு வரையிலான வெப்பநிலை போதும். 32 பாகைக்கு மேல் நீண்ட நேரம் இருந்தால் உயிருக்கே ஆபத்து. ஈரப்பதன் 75 முதல் 90 சதவீதம் வரை வேண்டும்; குட்டிகளுக்கு இந்த எல்லையின் மேற்பகுதி. ஐரோப்பாவில் வளர்ப்பவர்கள் கூட்டைச் சூடாக்கப் பாடுபடுகிறார்கள். இங்கே குளிராக்கப் பாடுபட வேண்டும். மாரி மாதங்களில் பெரிய சிக்கல் இராது. மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் என்ற தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது, மலைநாட்டின் மறுபுறத்தில் மழையை இறக்கிவிட்டு வரும் அந்தக் காற்று வெப்பத்தையும் வறட்சியையும் ஒருசேரக் கொண்டுவருகிறது. குளிரூட்டியைப் போட்டால் அறை குளிரும், ஆனால் அதே குளிரூட்டி காற்றிலுள்ள நீராவியை ஒடுக்கி வெளியேற்றிவிடும். கூட்டை இறுக மூடி நீர் தெளித்தால் ஈரம் நிற்கும், ஆனால் காற்றோட்டமின்றித் தோலில் புண்ணும் நுரையீரலில் தொற்றும் வரும். இருபது ஆண்டுகள் வரை வாழக்கூடிய ஓர் உயிருக்கு ஒவ்வொரு கச்சான் காலத்திலும் இந்தச் சோதனை.

ஈரம் குறைந்தால் முதலில் பாதிக்கப்படுவது சட்டை உரித்தலே. வறண்ட காற்றில் பழைய சட்டை காய்ந்து, முழுதாக உரியாமல் துண்டு துண்டாகப் பிய்ந்து உடலோடு ஒட்டிக்கொள்ளும். வால் நுனியில் வளையமாகச் சுருங்கி நிற்கும் துண்டு இரத்த ஓட்டத்தைத் தடுத்து நுனியை அழுகச் செய்யும். அப்போது தோலைக் கையால் இழுக்கக் கூடாது. ஈரப்பாசி நிறைத்த பெட்டிக்குள் சில மணி நேரம் பாம்பை விட்டால் பெரும்பாலும் தானாகக் கழன்றுவிடும். கண்மேல் செதில் ஒட்டிக்கொண்டால் கால்நடை வைத்தியர் மட்டுமே அதைத் தொட வேண்டும். அவசரப்பட்டு இழுப்பவரின் விரலில் பழைய செதிலோடு புதிய செதிலும் சேர்ந்து வந்துவிடும். பாம்பு அந்தக் கண்ணை இழந்துவிடும்.